ஸ்பெயின் பயணத்துக்கு முன் ஸ்பானிஷ்: நான்கு வாரத்தில் எதை, எந்த வரிசையில் படிப்பது

மாட்ரிட்டில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். ஊரிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த உறவினர், நண்பர் பலருக்கும் நான்தான் வழித்துணை. அநேகமாக எல்லோரும் கிளம்புமுன் ஐம்பது அறுபது வாக்கியங்களை உருப்போட்டுக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுந்தார்கள். கேள்வியைச் சரளமாகக் கேட்டுவிடுவார்கள். எதிராளி சொல்லும் பதில் ஒரு எழுத்துகூடப் புரியாது. முகம் வெளிறி என்னைப் பார்ப்பார்கள்.

அதனால் இங்கே வாக்கியங்களைக் குறைத்து, வரிசையிலும் காதைப் பழக்குவதிலும் நேரம் செலவிடப் போகிறோம். தினம் 20 நிமிடம், 4 வாரம் போதும். ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் நாட்களிலேயே பாதி முடிந்துவிடும்.

1. தொடங்கும் முன் தேவைப்படுபவை

சட்டைப்பையில் நுழைகிற அளவுக்கு ஒரு சின்ன நோட்டு. போனிலேயே எழுதலாமே என்பீர்கள். வரிசையில் நின்றுகொண்டு போனைத் திறந்து தேடுவதற்குள் பின்னால் நிற்பவர் பெருமூச்சு விட ஆரம்பித்துவிடுவார். கையால் எழுதியது மனதில் நிற்கவும் செய்யும்.

ஒலி கேட்க ஒரு வழி. ஃபோர்வோ தளத்தில் ஒவ்வொரு சொல்லையும் அந்த மொழிக்காரர்களின் குரலிலேயே கேட்கலாம். பேசியவர் எந்த நாட்டுக்காரர் என்று போட்டிருக்கும். ஸ்பெயின்காரர் குரலைத் தேர்ந்தெடுங்கள். டூயோலிங்கோ போன்ற செயலிகளும் உதவும், ஆனால் அவற்றில் லத்தீன் அமெரிக்கச் சொற்கள் அதிகம் வரும். பழச்சாறு அங்கே 'ஹூகொ', ஸ்பெயினில் 'ஸூமொ'. உருளைக்கிழங்கு அங்கே 'பாப்ப', இங்கே 'பத்தாத்த'. கடைக்காரருக்கு இரண்டும் புரியும். கடைக்காரர் சொல்வது உங்களுக்குப் புரியாமல் போகலாம்.

போனில் இரண்டு வேலை. கூகுள் டிரான்ஸ்லேட்டில் ஸ்பானிஷை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள். அப்புறம் கீபோர்டில் ஸ்பானிஷ் மொழியைச் சேர்த்துக் குரல் தட்டச்சை இயக்கி வையுங்கள். ஏன் என்பது மூன்றாம் படியில் வரும்.

கடைசியாக ஒரு பட்டியல்: பயணத்தில் எங்கெங்கே நீங்கள் வாய் திறக்க வேண்டியிருக்கும்? காபிக் கடை, சாப்பாட்டுக் கடை, பேக்கரி, ரயில் நிலையம், மருந்துக் கடை. பெரிய ஹோட்டல் வரவேற்பிலும் விமான நிலையத்திலும் ஆங்கிலம் செல்லும். அங்கே பேசவேண்டிய வாக்கியங்களைத் துணிந்து வெட்டிவிடுங்கள். புத்தகங்கள் முதல் பாடத்திலேயே சுங்கச் சோதனை உரையாடலை வைத்திருக்கும். அதைப் படிக்கும் நேரத்தில் எண்களைப் படித்துவிடலாம்.

2. தமிழில் எழுதிக்கொள்ளும் முறையை முதலில் முடிவு செய்யுங்கள்

ஸ்பானிஷை ஆங்கில எழுத்துகளைப் பார்த்துப் படித்தால் நாக்கு தானாக ஆங்கிலப் பாதையில் ஓடிவிடும். தமிழில் எழுதிக்கொண்டால் உயிரொலிகள் சரியாக விழும். ஸ்பானிஷின் ஐந்து உயிர்களும் நம் அ, எ, இ, ஒ, உ தான். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் 'ஒ'வை 'ஓவ்' என்று இழுப்பார்கள். நமக்கு அந்தத் தொல்லை கிடையாது.

ஆனால் மனம்போனபடி எழுதக் கூடாது. மூன்று விதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், மூன்றாவது விதியின் அடிக்கோடு மட்டும் இங்கே இல்லை.

ஒன்று, நெடில் வரும் இடத்தில் அழுத்தம். 'ஸலீத' என்றால் 'லீ'யில் அழுத்த வேண்டும். ஸ்பானிஷில் அழுத்தம் இடம் மாறினால் பொருளே மாறிவிடும்: 'பாப்ப' உருளைக்கிழங்கு, 'பப்பா' அப்பா.

இரண்டு, சொல்லின் நடுவில் இரட்டித்த வல்லினம் கடினமானது, ஒற்றை வல்லினம் மெலிந்தது. 'பத்தாத்த' என்பதில் 'பத்து'வின் த. 'ஸலீத' என்பதில் 'அது'வின் த. ஸ், க் என்ற ஒற்றுகளை அடுத்து வரும் வல்லினம் மட்டும் ஒற்றையாக இருந்தாலும் கடினம்தான்.

மூன்று, சொல்லின் முதலில் வரும் க, த, ப ஒலிப்புள்ளதாக இருந்தால் அடியில் ஒரு கோடு போடுங்கள். 'பஸ்'ஸின் ப வேறு, 'பத்து'வின் ப வேறு. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றே. கழிப்பறையைக் குறிக்கும் 'பாஞொ'வில் வருவது பஸ்ஸின் ப. 'பொர் ஃபவோர்' என்பதில் வருவது பத்துவின் ப.

3. முதல் வாரம் முழுக்க உச்சரிப்பு

இதைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் அதிகம். வாக்கியம் தெரிந்தால் போதும், உச்சரிப்பை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. ஒலி தவறாகப் படிந்த பின் அதை அழித்து மாற்றுவது, புதிதாகப் படிப்பதைவிடச் சிரமம்.

சுலபமானவற்றை முதலில் முடித்துவிடுவோம். ஆங்கில 'எச்' எழுத்துக்கு ஸ்பானிஷில் ஒலியே கிடையாது: 'ஓல' என்றால் வணக்கம். 'ஜே' எழுத்துக்கு ஹ ஒலி, அதுவும் தொண்டையிலிருந்து: 'ஹமோன்' என்றால் உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை. இரட்டை 'எல்' வந்தால் ய: 'காயெ' என்றால் தெரு. தலையில் அலை போட்ட 'என்' நம் ஞ தான். 'மஞான' என்றால் நாளை. 'வி' எழுத்தையும் ப போலத்தான் சொல்வார்கள்: 'பீனொ' என்றால் திராட்சை மது. 'வாலெ', 'வீய' போல நான் வ போட்டு எழுதிய சொற்களிலும் அப்படியே.

இந்த ஞ விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். வயது சொல்லும்போது 'ஆஞொஸ்' என்றால் ஆண்டுகள். ஞவை ன ஆக்கி 'ஆனொஸ்' என்றால் மலவாய். 'எனக்கு நாற்பது ஆண்டுகள்' என்று சொல்ல வந்தவர் என்ன சொல்லியிருப்பார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ர, ற வேறுபாடு அங்கே உயிரோடு இருக்கிறது. 'பேரொ' என்றால் ஆனால். 'பேறொ' என்றால் நாய். பள்ளியில் வல்லின ற என்று படித்தோமே, அதை நாக்கு நுனி அதிர உருட்டிச் சொல்ல வேண்டும். சொல்லின் முதலில் வரும் ரகரமும் இப்படி உருளும்.

எ, இ ஒலிகளுக்கு முன் வரும் 'சி' எழுத்தையும், 'இசட்' எழுத்தையும் மாட்ரிட் பக்கம் நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்துச் சொல்வார்கள். நீங்கள் ஸ என்றே சொல்லுங்கள். லத்தீன் அமெரிக்கா முழுக்கவும், கேனரி தீவுகளிலும், தெற்கே அந்தலூசியாவின் பல பகுதிகளிலும் ஸ தான். ஒருவரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஆனால் காது இரண்டுக்கும் பழக வேண்டும்: நீங்கள் 'க்ராஸியஸ்' என்று நன்றி சொல்வீர்கள், பதிலுக்கு வருவது வேறு மாதிரி கேட்கும்.

இப்போது நமக்கே உரிய கண்ணி. தமிழில் மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினம் தானாக மெலிந்துவிடும். பந்து, பாம்பு, சங்கு என்று சொல்லிப் பாருங்கள். ஸ்பானிஷில் இரண்டும் தனித்தனி. 'குவான்த்தொ' என்றால் எவ்வளவு. 'குவாந்தொ' என்றால் எப்போது. விலை கேட்க வந்த நம்மவர்கள் 'குவாந்தொ குவேஸ்த?' என்று கேட்டு, கடைக்காரர் விழிப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சாப்பாட்டுக் கடையில் பில் கேட்கும் 'ல குவேன்த்த', இருபதைக் குறிக்கும் 'பெயின்த்தெ', முப்பது முதல் தொண்ணூறு வரை உள்ள பத்துகள் எல்லாவற்றிலும் இதே 'ன்த்த' வருகிறது. நன்றாக ஒற்றெழுத்தில் நிறுத்தி, பிறகு த-வை அடித்துச் சொல்லிப் பழகுங்கள். முதல் வாரத்தில் ஒரே ஒரு காரியம் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள்.

சரியாக வருகிறதா என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் குரல் தட்டச்சு. போனிடம் 'குவான்த்தொ குவேஸ்த' என்று சொல்லுங்கள். 'எவ்வளவு' என்ற சொல் விழுகிறதா, 'எப்போது' விழுகிறதா என்று திரையில் பாருங்கள். போன் முகதாட்சண்யம் பார்க்காது. பத்துக்கு எட்டு முறை சரியாக விழும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

4. கடைக்குள் நுழைந்ததும் வணக்கம்

ஸ்பெயினில் கடைக்குள் நுழைந்து நேராகப் பொருளைக் கேட்டால் முரட்டுத்தனம். முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். அதுதான் 'நான் வந்திருக்கிறேன், என்னைக் கவனியுங்கள்' என்பதற்கும் அடையாளம்.

'புவேனொஸ் தீயஸ்' காலை வணக்கம். ஆனால் அவர்களுக்குக் காலை என்பது மதியச் சாப்பாடு வரை. அந்தச் சாப்பாடு 2 மணிக்கு மேல்தான். ஆகவே 1 மணிக்கும் 'புவேனொஸ் தீயஸ்' என்பார்கள். சாப்பிட்ட பிறகு இருட்டும்வரை 'புவேனஸ் தார்தெஸ்', பிறகு 'புவேனஸ் நோச்செஸ்'. மணி பார்த்துக் குழம்பாமல் இருக்க ஒரு குறுக்குவழி உண்டு: வெறும் 'புவேனஸ்' என்றால் எந்நேரமும் செல்லும்.

கிளம்பும்போது 'ஆஸ்த லுவேகொ'. 'அப்புறம் பார்ப்போம்' என்று பொருள். இனிமேல் பார்க்கவே போவதில்லை என்றாலும் சொல்வார்கள். நாம் 'போய்ட்டு வரேன்' என்பதில்லையா, அதுபோல.

நீ, நீங்கள் வேறுபாடு ஸ்பானிஷிலும் உண்டு: 'தூ', 'உஸ்தேத்'. ஸ்பெயினில் கடைப் பையன்கூட உங்களைத் 'தூ' போட்டுத்தான் பேசுவான். மரியாதைக் குறைவு இல்லை. நீங்கள் பெரியவர்களிடமும் போலீசிடமும் 'உஸ்தேத்' வடிவத்தையே வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் உள்ள கேள்விகள் எல்லாம் அந்த வடிவம்தான்.

5. சிக்கிக்கொண்டால் மீள்வதற்கான நான்கு வாக்கியங்கள்

எந்தப் புத்தகத்திலும் இவை கடைசிப் பக்கத்தில் இருக்கும். நான் முன்னால் கொண்டு வருகிறேன். பேச்சு கைமீறிப் போகும்போது பிடித்து நிறுத்தும் கயிறு இருந்தால்தான் வாய் திறக்கத் துணிவு வரும்.

'நோ என்த்தியேந்தொ' என்றால் புரியவில்லை. 'மாஸ் தெஸ்பாஸியொ, பொர் ஃபவோர்' என்றால் கொஞ்சம் மெதுவாக. 'ஓத்ர வேஸ்' என்றால் இன்னொரு தடவை. 'மெ லொ எஸ்க்ரீபெ?' என்றால் எழுதிக் காட்டுகிறீர்களா. கடைசியானது தங்கம். விலை, மணி, பிளாட்பார எண் மூன்றையும் எழுத்தில் வாங்கிவிடலாம். நோட்டையும் பேனாவையும் நீட்டினால் போதும்.

புதியவர்கள் செய்யும் தவறு: புரியாதபோது சிரித்துக்கொண்டே 'ஸீ, ஸீ' என்று தலையாட்டுவது. 'ஸீ' என்றால் ஆமாம். ஒரு நண்பர் இப்படி ஆட்டி ஆட்டி, மேசைக்கு ஆறு தட்டு கணவாய் வரவழைத்தார்.

6. எண்கள்: சொல்வதைவிடக் கேட்பது முக்கியம்

நீங்கள் எண் சொல்லும் இடங்களில் விரல் காட்டிச் சமாளிக்கலாம். அவர்கள் சொல்லும் எண்ணுக்கு விரல் கிடையாது. அதனால் எண்களைக் காதால் படியுங்கள்.

ஒன்று முதல் பத்து: ஊனொ, தோஸ், த்ரேஸ், குவாத்ரொ, ஸீன்க்கொ, ஸெய்ஸ், ஸியேத்தெ, ஓச்சொ, நுவேவெ, தியேஸ். பிறகு ஓன்ஸெ, தோஸெ, த்ரேஸெ, கத்தோர்ஸெ, கீன்ஸெ என்று 15 வரை. பத்துகள்: பெயின்த்தெ, த்ரெயின்த்த, குவரேன்த்த, ஸின்க்குவேன்த்த, ஸெஸேன்த்த, ஸெத்தேன்த்த, ஒச்சேன்த்த, நொவேன்த்த. நூறு 'ஸியேன்'. 32 என்றால் 'த்ரெயின்த்த இ தோஸ்', முப்பதும் இரண்டும்.

குழப்பும் இணைகள் மூன்று: 'தோஸ்' 2, 'தோஸெ' 12. 'த்ரேஸ்' 3, 'த்ரேஸெ' 13. 'ஸெஸேன்த்த' 60, 'ஸெத்தேன்த்த' 70. வீட்டில் ஒருவர் சொல்ல மற்றவர் எழுதுங்கள். இந்த ஆறையும் கலந்து கலந்து கேளுங்கள்.

விலை சொல்லும்போது யூரோ என்ற சொல்லைப் பெரும்பாலும் விழுங்கிவிடுவார்கள். 'தோஸ் ஸின்க்குவேன்த்த' என்றால் 2 யூரோ 50 சென்ட். எழுதும்போது புள்ளிக்குப் பதில் காற்புள்ளி: 2,50. ஆயிரத்துக்குத்தான் புள்ளி.

மணி கேட்கும்போது 'ஸீன்க்கொ இ மேதிய' என்றால் 5.30. 'ஸீன்க்கொ மேனொஸ் குவார்த்தொ' என்றால் ஐந்துக்குக் கால் குறைவு, அதாவது 4.45. 'ஐந்தேகால்' என்று நினைத்துப் போனவர்கள் ரயிலைக் கோட்டைவிடுவார்கள்.

7. ஆறு சட்டகம், மீதியைப் பொருத்திக்கொள்ளலாம்

முழு வாக்கியங்களை உருப்போட்டால் ஒரு சொல் மறந்தாலும் மொத்தமும் போய்விடும். சட்டகத்தைப் படித்தால் காலியிடத்தில் பொருளைச் சுட்டிக்காட்டிக்கூட நிரப்பலாம்.

'தோந்தெ எஸ்தா...?' எங்கே இருக்கிறது.
'ஐ...?' இருக்கிறதா. பதில் 'நோ ஐ' என்றால் இல்லை.
'தியேனெ...?' உங்களிடம் உண்டா.
'மெ போனெ...?' எனக்கு ஒன்று கொடுங்கள். காபிக் கடையில் இதுதான் புழக்கம்: 'மெ போனெ உன் கஃபே கொன் லேச்செ?' பால் காபி.
'புவேதொ...?' செய்யலாமா. செருப்பைக் காட்டி, நாற்காலியைக் காட்டி, கேமராவைக் காட்டிக் கேட்டால் போதும்.
'கெரீய...' எனக்கு இது வேண்டியிருந்தது. இறந்தகாலத்தில் கேட்பதுதான் அங்கே பணிவு.

'நான்' என்ற சொல்லைத் தேடி அலையாதீர்கள். தமிழில் 'வந்தேன்' என்றால் யார் வந்தது என்று வினைமுற்றே சொல்லிவிடுகிறது அல்லவா, ஸ்பானிஷிலும் அப்படியே. இன்னொரு சௌகரியம்: 'மெ கூஸ்த' என்பது 'எனக்குப் பிடிக்கிறது' என்பதன் அதே கட்டுமானம். 'மெ துவேலெ ல கபேஸ', எனக்கு வலிக்கிறது தலை. ஆங்கிலத்தில் யோசித்துவிட்டு ஸ்பானிஷுக்குப் போனால் இங்கே சிக்கல். தமிழிலிருந்து நேரே போங்கள்.

ஆண்பால் பெண்பால் கவலையை ஒதுக்கி வையுங்கள். 'ஒரு' என்பதற்கான ஆண்பால் 'உன்', பெண்பால் 'உன' மாறிப்போனால் யாருக்கும் நஷ்டமில்லை. உங்களைப் பற்றிச் சொல்லும் சொற்களில் மட்டும் கவனம்: சைவம் என்று ஆண் சொன்னால் 'வெஹெத்தரியானொ', பெண் சொன்னால் 'வெஹெத்தரியான'.

8. அவர்கள் கேட்கும் கேள்விகள்

இதுதான் நான் முதலில் சொன்ன பள்ளம். நீங்கள் காபி கேட்டதும் அவர் சும்மா கொடுத்துவிட மாட்டார். திருப்பி நாலு கேள்வி கேட்பார். நல்லவேளை, அந்தக் கேள்விகள் எந்தக் கடையிலும் அநேகமாக ஒன்றே. முழுதும் புரிய வேண்டியதில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு கொக்கிச் சொல்லைப் பிடித்தால் போதும்.

'பார தொமார் அக்கீ, ஓ பார யெவார்?' இங்கேயா, பார்சலா. கொக்கி: 'அக்கீ', 'யெவார்'. பதிலாக அதில் ஒன்றைத் திருப்பிச் சொன்னால் முடிந்தது.
'ஆல்கொ மாஸ்?' வேறு ஏதாவது? பதில்: 'நாத மாஸ்', போதும்.
'கொன் தர்ஹேத்த, ஓ என் எஃபெக்தீவொ?' கார்டா, ரொக்கமா.
'கியேரெ போல்ஸ?' பை வேண்டுமா. பைக்குக் காசு உண்டு.
'குவான்த்தொஸ் ஸோன்?' எத்தனை பேர். சாப்பாட்டுக் கடை வாசலில் வரும். விரல் காட்டலாம்.
'தியேனெ றெஸேர்வ?' முன்பதிவு உண்டா.
'பார பெபேர்?' குடிக்க என்ன.
'தீகமெ' என்று ஒருவர் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னால் பயப்படாதீர்கள். 'சொல்லுங்க' என்கிறார், அவ்வளவுதான். 'வாலெ' என்று பேச்சுக்குப் பேச்சு வருவது நம் 'சரி'.

வழி கேட்டால் வரும் பதிலில் மூன்று சொல்: 'இஸ்கியேர்த' இடது, 'தெரேச்ச' வலது, 'தோதொ றேக்தொ' நேரே. இரண்டு திருப்பத்துக்கு மேல் சொன்னால் எப்படியும் மறந்துபோகும். முதல் திருப்பம்வரை போய், அங்கே இன்னொருவரைக் கேளுங்கள்.

பயிற்சி இப்படி: கேள்விகளைச் செயலியின் குரலில் பதிவு செய்து, கலைத்துப்போட்டு, சமையல் செய்யும்போதோ பஸ்ஸிலோ கேளுங்கள். மூன்று விநாடிக்குள் பதில் வாயில் வர வேண்டும்.

9. சாப்பாடு: இங்கே ஒரு வாரம் செலவிட்டாலும் தகும்

சைவக்காரர்கள் 'ஸின் கார்னெ' என்று மட்டும் படித்துக்கொண்டு வருகிறார்கள். 'ஸின்' என்றால் இல்லாமல், 'கார்னெ' என்றால் இறைச்சி. அகராதிப்படி சரி. ஆனால் சமையல்கட்டில் பலருக்குக் 'கார்னெ' என்பது கறித்துண்டு மட்டுமே. உலர்ந்த பன்றித் துணுக்குகள் தூவிய பட்டாணி வந்து நிற்கும். கேட்டால், 'இது கார்னெ இல்லையே, ஹமோன்தானே' என்பார்கள். கேலிக்காகச் சொல்வதில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறார்கள்.

அதனால் பெயர் சொல்லி விலக்குங்கள்: 'ஸின் கார்னெ, ஸின் ஹமோன், ஸின் பெஸ்காதொ, ஸின் அத்தூன்.' இறைச்சி, பன்றித்தொடை, மீன், சூரை மீன் எதுவும் வேண்டாம். சூரையைத் தனியே சொல்வதற்குக் காரணம் உண்டு. 'என்ஸலாத மீக்ஸ்த' என்ற கலவை சாலட்டில் அது வழக்கமாக இருக்கும். 'ஸான்த்விச் வெஹெத்தால்' என்று பெயர் போட்ட சாண்ட்விச்சிலும் முட்டையோடு சூரை இருக்கலாம். 'வெஹெத்தால்' என்றால் காய் சேர்ந்தது. சைவம் என்று அர்த்தமில்லை.

அரிசியும் பருப்பும் பார்த்தால் ஒரு கேள்வி கூடுதலாக: 'யேவ கால்தொ தெ போயொ?' கோழிச் சாறு சேர்த்திருக்கிறதா. இனிப்புகளில் 'மன்த்தேக்க' என்ற சொல்லைப் பாருங்கள். அது பன்றிக் கொழுப்பு. வெண்ணெய் 'மன்த்தெக்கீய'. ஒரு ஈற்றில்தான் வேறுபாடு. முட்டை 'உவேவொ'. மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் 'தெர்னேர', பன்றி தவிர்ப்பவர்கள் 'ஸேர்தொ' என்ற சொல்லை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

நம்பிக்கையோடு கேட்கக்கூடியவையும் உண்டு. தக்காளி தேய்த்த ரொட்டி 'பான் கொன் தொமாத்தெ'. சின்னப் பச்சை மிளகாயைப் பொரித்து உப்புத் தூவிய 'பிமியேன்த்தொஸ் தெ பத்ரோன்'; பெரும்பாலும் காரமிராது, எப்போதாவது ஒன்று சுரீரென்னும். அந்தலூசியாவில் கத்தரிக்காய் வறுவல்மேல் தேனோ கரும்புப் பாகோ ஊற்றிய 'பெரென்ஹேனஸ் கொன் மியேல்'. செவில் நகரில் கீரையும் கொண்டைக்கடலையும் சீரகம் மணக்கச் செய்வார்கள். சப்பாத்தி இருந்தால் இன்னும் நன்றாயிருக்கும். குளிர்ந்த தக்காளிச் சாறான 'கஸ்பாச்சொ' பெரும்பாலும் சைவம். அதன் உறவான 'ஸல்மொரேஹொ'மேல் முட்டையும் பன்றித் துணுக்கும் தூவுவார்கள், ஏமாந்துவிடாதீர்கள்.

காரம் வேண்டுமென்றால் 'பிக்கான்த்தெ'. 'கலியேன்த்தெ' என்றால் சூடு. உங்களுக்கு வெக்கையாக இருக்கிறது என்று சொல்ல 'தேங்கொ கலோர்' என்க வேண்டும். 'எஸ்தோய் கலியேன்த்தெ' என்றால் காம வேட்கை என்று பொருள்படும்.

'மெனூ' கேட்டால் விலைப்பட்டியல் வராது. அது மதியத்தில் கிடைக்கும் ஒரே விலைச் சாப்பாடு, 'மெனூ தெல் தீய': முதல் தட்டு, இரண்டாம் தட்டு, ரொட்டி, குடிக்க ஒன்று, கடைசியில் இனிப்போ காபியோ. நம் அளவுச் சாப்பாடு மாதிரி, காசுக்கு ஏற்றது. பட்டியல் வேண்டுமென்றால் 'ல கார்த்த'.

தண்ணீருக்கு 'ஆகுவ தெல் க்ரீஃபொ' என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீர். 2022-ல் வந்த சட்டப்படி உணவகங்கள் அதை இலவசமாகத் தர வேண்டும். வெறும் 'ஆகுவ' என்றால் பாட்டில் வந்து பில்லில் ஏறும்.

10. பலகைகள்: வாயால் சொல்ல வேண்டாம், கண்ணால் தெரிந்தால் போதும்

பலகைகளை அச்செழுத்தில் படம் எடுத்துப் பார்த்துப் பழகுங்கள். தமிழில் எழுதிக்கொள்வது இங்கே உதவாது. வெளியே போகும் வழி 'ஸலீத'. திறந்திருக்கிறது 'அபியேர்த்தொ', மூடியிருக்கிறது 'ஸெறாதொ'. சின்னக் கடைகளில் மதியம் 2 மணிக்கு மேல் இரண்டாவது பலகையைத்தான் பார்ப்பீர்கள். கதவில் 'எம்ப்புஹார்' என்றால் தள்ளு, 'திரார்' என்றால் இழு. ரயில் நிலையத்தில் தடம் எண் 'வீய'.

குளியலறைக் குழாயில் 'சி' எழுத்து இருந்தால் ஆங்கில நினைப்பில் குளிர்ந்த நீர் என்று திறந்துவிடாதீர்கள். அது 'கலியேன்த்தெ', சூடு. 'எஃப்' தான் குளிர்ந்தது. குழந்தைகளோடு போகிறவர்கள் முதல் நாளே சொல்லி வையுங்கள்.

11. உடம்பும் அவசரமும்

அவசர எண் 112. போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு எல்லாவற்றுக்கும். பச்சைச் சிலுவை விளக்கு எரிந்தால் மருந்துக் கடை, 'ஃபர்மாஸிய'. வலிக்கிற இடத்தைத் தொட்டு 'மெ துவேலெ அக்கீ', இங்கே வலிக்கிறது. 'மெ ஆன் றொபாதொ' என்றால் என்னிடம் திருடிவிட்டார்கள். ஒவ்வாமை இருந்தால் 'ஸோய் அலேர்ஹிக்கொ' என்று வாயால் சொல்வதோடு நிற்காதீர்கள்; பெண்கள் 'அலேர்ஹிக்க' என்பார்கள். பொருளின் பெயரை ஸ்பானிஷில் அச்சிட்ட சீட்டைக் காட்டுங்கள். உயிர் விஷயத்தில் உச்சரிப்பை நம்ப வேண்டாம்.

ஆங்கிலச் சாயலில் இருக்கும் இரண்டு சொற்கள் மருந்துக் கடையில் கவிழ்க்கும். 'கொன்ஸ்திப்பாதொ' என்றால் சளி பிடித்திருக்கிறது, மலச்சிக்கல் 'எஸ்த்ரெஞிமியேன்த்தொ'. 'எம்பரஸாத' என்றால் கர்ப்பமாக இருக்கிறேன். வெட்கத்தைச் சொல்ல இது ஆகாது.

12. கடைசி வாரம் ஒத்திகை

புதிதாக எதுவும் சேர்க்காதீர்கள். இங்கேதான் ஆர்வக்கோளாறு எல்லாவற்றையும் கெடுக்கும்; கடைசி மூன்று நாளில் இறந்தகாலம், எதிர்காலம் என்று ஆரம்பிப்பார்கள்.

ஒருவர் கடைக்காரர், ஒருவர் வாடிக்கையாளர். உட்கார்ந்து செய்யாதீர்கள், வாசலிலிருந்து நடந்து வந்து, வணக்கம் சொல்லி, கேட்டு, பணம் கொடுத்து, விடைபெற்றுப் போங்கள். அப்புறம் கடைக்காரர் குறும்பு செய்யட்டும்: 'நோ ஐ' என்று கைவிரிக்கட்டும், விலையை வேகமாகச் சொல்லட்டும், கேட்காத கேள்வி கேட்கட்டும். பின்னணியில் வானொலியைச் சத்தமாக வையுங்கள். உண்மையான காபிக் கடை அமைதியாக இருக்காது.

நோட்டைக் கடைசி ஒத்திகையில் மூடிவிடுங்கள். மறந்தது எது என்று குறித்து, அதை மட்டும் விமானத்தில் புரட்டுங்கள்.

13. பார்சிலோனா போகிறவர்களுக்கு

அங்கே கட்டலான் மொழியும் ஆட்சிமொழி. மெட்ரோ அறிவிப்பும் தெருப் பலகையும் அதில்தான் அதிகம். படித்தது எதுவும் பொருந்தவில்லையே என்று திகைக்க வேண்டாம். 'ஸலீத' அங்கே 'ஸுர்த்தீத'. ஸ்பானிஷில் கேட்டால் ஸ்பானிஷில் பதில் வரும். காலையில் 'போன் தீய', நன்றிக்கு 'க்ராஸியஸ்' என்பதிலிருந்து சற்றே விலகிய 'க்ராஸியெஸ்', இந்த இரண்டு போதும். பாஸ்க் நாட்டுப் பகுதியிலும் கலீசியாவிலும் இதே நிலைதான், மொழி மட்டும் வேறு.

14. போய் இறங்கிய முதல் நாள்

முதல் பேச்சை மியூசிய வரிசையில் வைத்துக்கொள்ளாதீர்கள். காலை 10 மணிக்கு மேல் கூட்டம் வடிந்த ஒரு தெருமுனைக் காபிக் கடைக்குப் போங்கள். 'புவேனஸ்', 'மெ போனெ', 'குவான்த்தொ எஸ்', 'ஆஸ்த லுவேகொ' நான்கும் ஒரே மூச்சில் சோதனையாகிவிடும். மறுநாளும் அதே கடைக்குப் போங்கள். முகம் தெரிந்துவிட்டால் அவரே மெதுவாகப் பேசுவார்.

சுற்றுலாப் பகுதிகளில் நீங்கள் வாய் திறந்ததுமே எதிராளி ஆங்கிலத்துக்கு மாறிவிடுவது உண்டு. மனம் சுணங்க வேண்டாம். அவருக்கு வேலை நேரம். கூட்டமில்லாவிட்டால் மட்டும் 'எஸ்தோய் அப்ரெந்தியேந்தொ', கற்றுக்கொண்டிருக்கிறேன், என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் சிரித்துவிட்டு ஸ்பானிஷுக்கே திரும்புவார்கள், இந்த முறை கொஞ்சம் மெதுவாக.